புதுப்பிப்பு: மெயில் லாக்கில் டொமைன் எண்ணும் வேலை

வண்ணார்பேட்டை ஆபீஸ் சர்வரிலிருந்து எந்த டொமைனுக்கு எத்தனை மெயில் போகிறது என்று ஆக் (awk, உரையை வரிவரியாகத் துண்டு போட்டுப் பார்க்கும் கட்டளை) வைத்து எண்ண வழி கேட்டிருந்தேன். வேலை முடிந்தது.

லாக் வரியைத் துண்டு போட @ மட்டும் பிரிப்பானாக இருந்தால் டொமைனோடு மீதி வரியும் ஒட்டிக்கொண்டு வரும். @, மூடும் கோண அடைப்பு (>) இரண்டையும் சதுர அடைப்புக்குள் போட்டு [@>] என்று கொடுத்தேன். இரண்டாவது துண்டு சுத்தமான டொமைன். ஆனால் மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் மெசேஜ்-ஐடி வரியிலும் @ இருக்கும், அதனால் 'ஸ்டேட்டஸ்=சென்ட்' (status=sent, அனுப்பியாயிற்று) வரிகளை மட்டும் எடுங்கள். நடுவில் ஸ்பாம் வடிகட்டி ஓடினால் ஒரே மெயில் இரண்டு தடவை 'சென்ட்' ஆகும்; ரிலே (மெயிலை அடுத்து வாங்கும் சர்வர்) 127.0.0.1, அதாவது இதே சர்வர், என்று வரும் வரிகளைத் தள்ளிவிடலாம். அப்புறம் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்க டுலோவர் (tolower), கடைசியில் வரிசைப்படுத்த சார்ட் (sort). ஏனென்றால் எண்ணிக்கையை வைத்திருக்கும் ஆக் அர்ரே தன் இஷ்ட வரிசையில்தான் கொட்டும்.

பட்டியலைப் பார்த்த அண்ணாச்சி, “என்னடே, எல்லாமே ஜிமெயிலா இருக்கு?” என்றார். மாதாமாதம் வேண்டுமாம். சரி என்று குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் கிரானில் (cron) போட்டுவிட்டேன்.