புதுப்பிப்பு: ரெய்டு 5-இலிருந்து வட்டு விலகும் சிக்கல் தீர்ந்தது

நான்கு வட்டுகள் கொண்ட ரெய்டு 5 தொகுப்பில் (ஒரு வட்டு பழுதானாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும் அமைப்பு), மாதாந்திரச் சோதனை ஓடும்போதெல்லாம் ஒரே வட்டு வெளியேற்றப்படுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். கேபிளை மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன், பலனில்லை. வட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் வரி, அதாவது கேபிள் வழியே வரும் தரவுப் பிழைகளைக் காட்டும் சிஆர்சி பிழைக் கணக்கு, பூஜ்யமாகவே இருந்தது.

உண்மையான காரணம் நேர வரம்பு. இது சாதாரண டெஸ்க்டாப் வட்டு. படிக்க முடியாத செக்டாரில் (வட்டின் சிறு தரவுப் பகுதி) சிக்கினால் நிமிடக் கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோ 30 நொடிதான் காத்திருக்கும். அப்புறம் இணைப்பை ரீசெட் செய்யும். அதற்கும் பதில் வராவிட்டால், லினக்ஸில் ரெய்டைக் கவனிக்கும் எம்டி அந்த வட்டைப் பழுதென்று ஒதுக்கிவிடும். வட்டு சீக்கிரமே பிழையைச் சொல்லிவிட்டால், எம்டி மற்ற வட்டுகளிலிருந்து தரவைக் கணக்கிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதிவிடும். ரெய்டு வைத்திருப்பதே இதற்குத்தானே!

ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை மூலம் எஸ்சிடி இஆர்சி மதிப்பை (பிழையில் சிக்கிய வட்டு எவ்வளவு நேரம் முயலலாம் என்ற வரம்பு) 70, அதாவது 7 நொடி, என்று வைக்கப் பார்த்தேன். இந்த வட்டில் அந்த வசதியே இல்லை. சரி என்று கர்னலின் காத்திருப்பை 180 நொடியாக உயர்த்தினேன். ரீபூட்டில் இது போய்விடும் என்பதால் யூடெவ் விதியாகவும் (சாதனம் இணையும்போது லினக்ஸ் தானே செயல்படுத்தும் அமைப்பு) எழுதிவைத்தேன். வட்டை மறுபடி சேர்த்து, ரீபில்ட் (அதில் தரவை மறுபடி நிரப்புவது) முடிந்ததும் சோதனையை ஓடவிட்டேன். எந்த வட்டும் விலகவில்லை. படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டார் எண்ணிக்கையும் இப்போது பூஜ்யம்.