ரெசின் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஹட்டன்காரன்:
டவுனில் ஒரு பல் லேப். தம்பியின் பல் செட்டுக்காகப் போயிருந்தேன். ரெசின் என்றால் ஒளி பட்டால் இறுகும் திரவம்; அதை இறுக வைத்து உருவம் அச்சடிக்கும் பிரிண்டரில் பல் மாதிரி எடுத்தார்கள், அற்ககோலில் முக்கிக் கழுவினார்கள், கழுவியதை அப்படியே பின்பக்கக் கானில் ஊற்றினார்கள். கான் தண்ணீர் பாலாகக் கலங்கியது. நல்ல வெயில் வேறு. முன்பு ஊற்றியதெல்லாம் கான் ஓரச் சீமெந்தில் படிந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மீன் செதில் மாதிரி கழன்று வந்தது. இறுகியது போகட்டும், இறுகாமல் ஓடியது? ரெசின் போத்தலிலேயே செத்த மீனும் பட்ட மரமும் படம் போட்டிருக்கிறது. நம் வடிகான் எல்லாம் ஓயா ஆற்றில்தானே போய் விழுகிறது? அதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

பண்டாரவளை மலர்:
அண்ணா, இறுகியதும் போகட்டும் என்று விடக்கூடியதல்ல. அது உருகாது, மக்காது, தூளாகி அதே ஓயாவுக்குத்தான் போகும். வெறுங்கையால் சுரண்டவும் வேண்டாம், உள்ளே இறுகாதது இருக்கலாம்.
என் சித்தி மகள் ஜெல் நெயில் போடும் கடையில் வேலை செய்தாள். விரல் நுனி வெடித்துத் தோல் உரிந்தது. சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உண்மையில் அக்ரிலேட் ஒவ்வாமை. ஜெல் பூச்சு, ரெசின், பல் அடைப்பு எல்லாவற்றிலும் இருக்கும் பொருள் அது. ஒருமுறை வந்தால் போகாது. இனிப் பல் அடைக்கப் போனாலும் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும். ஒளி பட்டதும் இறுக வைக்கும் டிபிஓ என்ற பொருளை நகப்பூச்சில் சேர்க்க 2025 செப்டெம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. இங்கே எத்தனை பேர் போத்தலின் பின்பக்கத்தைப் படிக்கிறார்கள்?

கண்டி அச்சகம்:
சரி, எல்லாரும் திரவத்தையே பேசுகிறீர்கள். இறுக வைக்கும் விளக்கையும் பாருங்கள். எங்கள் அச்சு மையும் யூவி (புற ஊதா) ஒளியில் இறுகுவதுதான். 2022, கறண்ட் வெட்டுக் காலம். தேயிலைப் பெட்டி லேபல் ஓடும்போது மின்சாரம் போனது. ஜெனரேட்டர் போட்டாலும் சூடாக இருக்கும் மேர்க்கியூரி லாம்ப் உடனே பற்றாது. ஆற வேண்டும், பிறகு மறுபடி சூடேற வேண்டும். லாம்புக்குக் கீழே நின்ற தாள் பழுப்பேறிக் கிடந்தது. இன்று எல்இடி. சுவிட்ச் போட்டதும் முழு வெளிச்சம், ஓசோன் நெடி இல்லை, உடைந்தால் பாதரசம் சிந்தும் பயம் இல்லை. ஆனால் பழைய மை இதில் சரியாக இறுகாது. 395 நனோமீற்றர் அலைநீள ஒளியைப் பிடிக்கிற மையாக வாங்க வேண்டும். அதைச் சொல்லாமலே விளக்கை விற்கிறார்கள்.

நானுஓயா:
தண்ணீரில் கழுவும் ரெசின் வாங்கினால் தீர்ந்தது என்று ஒரு கடைக்காரர் என்னிடமும் சொன்னார். தீராது. அந்தத் தண்ணீரும் நஞ்சுதான், அதையும் கானில் விடக்கூடாது. எங்கள் பக்கக் குளிருக்கு ரெசின் தடித்துப் போய், காலையில் பார்த்தால் பாதி உருவம் பிரிண்டர்த் தட்டில், பாதி ரெசின் தொட்டியில். அவ்வளவும் குப்பை.
கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ரெசினை 25 பாகை அளவுக்குச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள், தவறும் அச்சு குறையும். உருவத்தை உள்ளே பொள்ளலாக எடுங்கள், ஆனால் உள்ளே தேங்கும் ரெசின் வடிய ஓட்டை வையுங்கள். கழுவிய அற்ககோலைக் கண்ணாடிப் போத்தலில் மூடி வெயிலில் வையுங்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். கரைந்த ரெசின் இறுகி அடியில் தங்கும். வடித்தெடுத்து மறுபடி கழுவலாம். வடிதுணியையும் மண்டியையும் திரும்ப வெயிலில் நன்றாக இறுக விட்ட பிறகுதான் குப்பைக்கு. மாரியில் வெயிலை நம்பாமல் யூவி விளக்கு வையுங்கள்.
சோயா எண்ணெய் ரெசின் என்றால் கையுறை வேண்டாம் என்று நினைக்காதீர்கள், அதிலும் அக்ரிலேட்தான். டொராண்டோவில் மெக்டொனால்ட்ஸ் பொரித்த எண்ணெயில் ரெசின் செய்து வண்ணத்துப்பூச்சி அச்சடித்தார்கள், நல்ல முயற்சி. எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்டது: உடலில் இயல்பாக உண்டாகும் லிபோயிக் அமிலத்தில் செய்த ரெசின். அச்சடித்ததைப் பிரித்து மறுபடி ரெசினாக்கி மறுபடி அச்சடிக்கலாம். நம் கடைக்கு வரும்வரை போத்தலும் வெயிலும்தான்.

ஹட்டன்காரன்:
மலர் தங்கச்சி சொன்னது சரி. லேப்காரரிடம் பேசினேன், போத்தலில் சேர்க்கச் சம்மதித்தார். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ரெசின் ஒட்டிய வெறும் போத்தல்களை முறையாக எடுப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா?