நெடுநல்வாடையில் வரும் யவனர் யார், கிரேக்கரா ரோமானியரா?

மாடக்குளத்தான்:
தங்கச்சிக்கு நெடுநல்வாடை பாடம். நேற்று ராத்திரி சேர்ந்து படித்தோம். பாண்டியன் அரண்மனையில் யவனர் செய்த பாவை ஒன்று அகல் ஏந்தி நிற்கிறது, அந்த அகல் நிறைய நெய் ஊற்றித் திரி கொளுத்துகிறார்கள். ஒரு உரை கிரேக்கர் என்கிறது, இன்னொன்று ரோமானியர் என்கிறது. எது சரி? நாம் அவர்களைப் பாடியிருக்கிறோம், சரி, நம்ம மதுரை அவர்களுக்குத் தெரியுமா?

புதுமண்டபம்:
இரண்டுமே சரிதான் தம்பி. யவனர் என்பது அயோனியக் கிரேக்கரைக் குறித்து வந்த பெயர். கி.மு. 30-இல் எகிப்து ரோமின் கைக்குப் போனது, அதன்பின் செங்கடலிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து மிளகுக்கு வந்த கப்பல்களில் கிரேக்கம் பேசியவர்கள் நிறைய, ஆட்சியும் காசும் ரோமுடையது. நம் புலவர்களுக்கு எல்லாரும் யவனர்தான். மதுரை தெரியுமா என்றால், நன்றாகவே தெரியும். முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பாண்டியன் துறைமுகத்திலிருந்து வெகுதூரம் உள்ளே 'மொதுரா' என்ற ஊரில் இருக்கிறான் என்று லத்தீனில் எழுதியிருக்கிறார். இந்தியச் சரக்குக்காக வருஷம் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) போகிறதே என்று வருத்தப்பட்டவரும் அவர்தான். முதல் தடவை அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

வைகைமணல்:
வைகை ஆற்று மணலிலேயே ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆறு கடலில் சேரும் அழகன்குளத்தில் காசோடு மது ஜாடி ஓடுகளும் உண்டு. கீழடியில் கிடைத்த ரவுலட்டட் (பல்சக்கரத்தால் வரி வரியாகக் கோலம் பதித்த) பானை ஓடுகளும் ரோமிலிருந்து வந்தவைதான்.

சிலைமான் டீச்சர்:
கடைசி வரி மட்டும் தப்பு. 1945-இல் புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் வீலர் அந்த ஓடுகளை மத்தியதரைக்கடல் சரக்கு என்று நினைத்தார், அதுவே புத்தகங்களில் நின்றுவிட்டது. பிறகு களிமண்ணைச் சோதித்ததில் பெரும்பாலும் வங்கப் பக்கம் செய்தவை என்று தெரிந்தது. நம் பக்கத்துக் கைவேலை கொஞ்சம் நேர்த்தியாக இருந்தால் உடனே யவனருக்குக் கொடுத்துவிடுகிறோம், அதுதான் எனக்கு ஆறவில்லை. போனது வந்தது இரண்டு பக்கமும்தான்: எகிப்தின் குசேர் அல் கதீமில் கண்ணன், சாதன் என்று தமிழியில் (பழைய தமிழ் எழுத்தில்) பெயர் கீறிய ஓடுகள் இருக்கின்றன, அதே நாட்டின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் ஒரு ஜாடி நிறைய மிளகே கிடைத்தது.

மாடக்குளத்தான்:
ரொம்ப நன்றி டீச்சர், அண்ணே. தங்கச்சி 'மொதுரா' என்று நோட்டு அட்டையிலேயே எழுதிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறேன்.