புது பாயின்ட் ஷூ நமுத்துப்போச்சு, அதுவும் ஒரு கால் மட்டும். என்ன பண்றது?

முத்தியால்பேட்டை டெய்லர்:

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில தையல் கடை வச்சிருக்கேன். பொண்ணுக்கு 14 வயசு, ஆறு வருஷமா பாலே கத்துக்குது. ஜூன்ல டீச்சர் "இனிமே பாயின்ட் ஷூ (விரல் நுனியில நின்னு ஆடுறதுக்கான ஷூ) போடலாம்"னு சொல்லி, அவங்களே கால் அளவு எடுத்து, கம்பெனி, நம்பர், அகலம் எல்லாம் எழுதிக் குடுத்தாங்க. எங்க அத்தை வீடு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க) குடும்பம், பாரிஸ்ல இருக்காங்க. லீவுக்கு வந்தப்ப வாங்கிட்டு வந்தாங்க. இப்ப டீச்சர் அவங்க ஊருக்குப் போயிட்டாங்க, செப்டம்பர் கடைசியிலதான் வருவாங்க.

பிரச்சனை இதுதான். இடது ஷூ மரக்கட்டை மாதிரி இருக்கு. வலது ஷூவோட மூக்கு ஒரு பக்கம் கட்டைவிரல் வச்சு அமுக்கினா உள்ள போகுது, நமுத்த அப்பளம் மாதிரி. ஒரே பெட்டியில வந்த ஜோடி. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப முடியுமா? இடது ஷூவைப் பழக்க சுத்தியலால தட்டலாம்னு வீடியோவுல பார்த்தேன். அது சரியா?

கடலூர் சலங்கை:

அண்ணா, நான் பரதம் சொல்லிக்குடுக்கிறவ, மஞ்சக்குப்பம். பாலே எனக்குத் தெரியாது, நாங்க வெறுங்காலோட தரையைத் தட்டுற ஆளுங்க. ஆனா புதுச் சலங்கைத் தோல் காலை அறுத்தா நாங்க விளக்கெண்ணெய் தடவி ரெண்டு நாள் வைப்போம், பதமாயிடும். புதுச் செருப்பு கடிச்சாலும் தேங்காய் எண்ணெய்தானே? மரக்கட்டையா இருக்கிற ஷூவுக்கு அதைப் பண்ணிப் பாருங்களேன்.

பாயின்ட் அக்கா:

எண்ணெய் வேண்டவே வேண்டாம், ப்ளீஸ். சாட்டின்ல கறை பிடிக்கும், பாதத்தைத் தாங்குற கெட்டியான அடிப்பட்டை ஊறும், அப்புறம் கால் உள்ளேயே வழுக்கும்.

நான் 11 வருஷம் ஆடியிருக்கேன், இப்போ லாஸ்பேட்டையில் இருக்கேன். டெய்லர் அண்ணா, முதல்ல மூணு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. 1) ரிப்பன் தைச்சாச்சா? 2) ஷூ மேல ஈரமோ சூடோ பட்டுச்சா? 3) இது பசை போட்டுச் செஞ்ச ஷூவா, இல்ல கேய்னர் மிண்டன் கம்பெனி ஷூ மாதிரி உள்ளுக்குள்ள பிளாஸ்டிக் வகை வச்சதா? அந்தக் கம்பெனி 1993-லிருந்து செய்யுது. அந்த வகையை வளைச்சுப் பழக்கவே கூடாது, அதனாலதான் கேக்கிறேன்.

சுத்தியல் பத்தி அப்புறம் சொல்றேன். அதுவரைக்கும் எதையும் தட்டாதீங்க.

முத்தியால்பேட்டை டெய்லர்:

பசை ஷூதான்னு பொண்ணு சொல்லுது. ரிப்பன் தைச்சாச்சு. ரெண்டாவது கேள்விக்கு... உண்மையைச் சொல்லிடறேன். ரிப்பனை மெஷின்லதான் தைச்சேன். 16-ம் நம்பர் ஊசி ஒண்ணு முறிஞ்சுது. தைக்கிறப்ப சாட்டின்ல மடிப்பு விழுந்துருச்சு. கல்யாண பிளவுஸுக்குப் பண்ற மாதிரி லேசா தண்ணி தெளிச்சு அயர்ன் பெட்டியைக் காமிச்சேன். வலது ஷூ முடிச்சு இடதுக்கு வரும்போது கரண்ட் போயிடுச்சு.

பாயின்ட் அக்கா:

அண்ணா, அந்த கரண்ட் கட் உங்களுக்கு ஒரு ஷூவைக் காப்பாத்திக் குடுத்திருக்கு.

கம்பெனி மேல தப்பில்லை. ஊசி பட்டதுக்கப்புறம் எந்தக் கடையும் திருப்பி எடுத்துக்காது, அதை மறந்துடுங்க. காரணம் உங்களுக்கே உடனே புரியும். விரல் போற அந்த மூக்கை நாங்க பாக்ஸ்னு சொல்வோம். அது மரமும் இல்ல, இரும்பும் இல்ல. துணி, காகிதம், பசை, மறுபடி துணின்னு அடுக்கடுக்கா ஒட்டிக் காய வச்சது. சட்டைக் காலருக்குள்ள நீங்க வைக்கிற பக்ரம் மாதிரி, ஆனா பல மடங்கு. ஈரமும் சூடும் சேர்ந்தா அந்தப் பசை இளகும். நீங்க வேலை மெனக்கெட்டு அதையேதான் பண்ணியிருக்கீங்க.

இப்போ செய்ய வேண்டியது: வலது ஷூவை யாரும் அமுக்கிப் பார்க்காதீங்க. அமுக்க அமுக்க அடுக்கு பிரியும். உள்ள பழைய பேப்பரைத் தளர்வா வச்சு, பாக்ஸ் தன் வடிவத்துல நிக்கிற மாதிரி பண்ணி, ஃபேன் காத்துல ரெண்டு நாள் வைங்க. பேப்பரைக் காலையிலயும் ராத்திரியும் மாத்துங்க. வெயில்ல வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி வைக்கவே வேண்டாம். நம்ம ஊர் கடல் காத்துக்கு பீரோவுல இருக்கிற பெல்ட்டே பூஞ்சணம் பிடிக்குது.

முத்தியால்பேட்டை டெய்லர்:

பக்ரம்னு சொன்னதும் தலையில அடிச்சுக்கிட்டேன்மா. 25 வருஷமா காலர் தைக்கிறேன். பசை கேன்வாஸ் மேல சூடு பட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? ஷூன்னு நினைச்சதுல புத்தி அந்தப் பக்கமே போகலை. பொண்ணு ரெண்டு நாளா பேசலை.

தச்சுப்பட்டறை, வில்லியனூர்:

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். பசை போட்டது இளகிட்டா மேல அரக்கு பூசி இறுக்கலாமே? நாங்க நாற்காலிக்கு அடிக்கிற ஃபிரெஞ்சு பாலிஷ்தான். அரக்குச் சீவலை ஸ்பிரிட்ல ஊறப்போட்டா கரையும். அதுல தண்ணி அதிகம் இல்லாததால பசையை மறுபடி அவ்வளவா இளக்காது. ஸ்பிரிட் பறந்துட்டா அரக்கு மட்டும் கெட்டியா நிக்கும். ஷூவுக்கு ஒத்துவருமான்னு தெரிஞ்சவங்க சொல்லணும்.

பாயின்ட் அக்கா:

வில்லியனூர் அண்ணா, நீங்க சொன்னது வெளிநாட்டு டான்ஸர்கள் நிஜமாவே பண்றதுதான்! பாக்ஸுக்கு உள்பக்கம் மட்டும் மெல்லிசா பூசி ஒரு ராத்திரி முழுக்கக் காய விடுவாங்க. ஆனா டெய்லர் அண்ணா இப்போ அதைப் பண்ண வேண்டாம், முதல்ல காயட்டும். உள்ள ஈரம் இருக்கும்போது மேல பூசினா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும்.

யாராவது ஃபெவிக்விக் யோசனை சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அந்த இனத்துப் பசையையும் டான்ஸர்கள் பாக்ஸ்ல ஊத்துறது உண்டு. ஆனா அது பருத்தித் துணியில பட்டா குபீர்னு சூடேறும், கை கொப்புளிக்கும். கால் உள்ள இருக்கும்போது ஊத்தவே கூடாது. பழக்கமில்லாத வீட்டுல அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

கடலூர் சலங்கை:

சரி, எண்ணெயை வாபஸ் வாங்கிக்கிறேன். ஒரு சந்தேகம். மேடையில ஆடுறவங்க அந்த ஷூவைச் சுவத்துல அடிக்கிறதையும் கதவு இடுக்குல வச்சு நசுக்கறதையும் நானும் வீடியோவுல பார்த்தேனே? அவங்களுக்கு மட்டும் அது கெடாதா?

பாயின்ட் அக்கா:

கெடும் அக்கா. கெட்டாலும் பரவாயில்லைன்னுதான் அடிக்கிறாங்க. பெரிய கம்பெனி டான்ஸருக்கு ஒரே ராத்திரி ஆட்டத்துல ஒரு ஜோடி தீர்ந்துபோறதும் உண்டு. அடிக்கிறது பெரும்பாலும் சத்தத்துக்காக, மேடையில 'டொக் டொக்'னு கேக்கக் கூடாது. அவங்க காலும் வேற கால். முதல் ஜோடி போடுற பொண்ணுக்கு அந்தக் கெட்டித்தனம்தான் கைத்தடி. அதை அடிச்சு மெத்தையாக்கிட்டா முழு எடையும் விரல் மேல வரும்.

பழக்கறதுன்னா ஷூ முழுசையும் மெதுவாக்கறது இல்ல, கால் மடங்குற இடத்துல மட்டும் ஷூவும் மடங்கணும். குதிகாலைத் தூக்கி அரைப் பாதத்துல எழுந்தா விரல் அடிக்கிட்ட ஒரு மடிப்பு. முழுசா நுனியில நின்னா குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னாடி அடிப்பட்டை வளையணும், அதாவது நுனியிலிருந்து நீளத்துல முக்கால் தூரத்துல. நட்டநடுவுல மடிச்சா பட்டை உடைஞ்சுடும், பாதக் குழிக்குத் தாங்கலே இருக்காது. நிறைய பேர் அங்கதான் கோட்டை விடுறாங்க. இடது ஷூவுக்கு இப்போதைக்குக் கையால அந்த முக்கால் இடத்தை லேசா, திரும்பத் திரும்ப வளைங்க. பாக்ஸ் ரெண்டு பக்கச் சிறகையும் உள்ளங்கையால ஒரு தரம் அழுத்துங்க. அவ்வளவு போதும். மிச்சத்தை அவ கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அரைப் பாதத்துல எழுந்து எழுந்து தானாவே பண்ணிப்பா.

ரிப்பனைப் பிரிச்சுடுங்க. மெஷின் தையல் விளிம்புல ஓடுற சுருக்குக் கயித்தையும் சேர்த்துப் பிடிச்சிருக்கும்னு நினைக்கிறேன். கயித்தை இழுத்துப் பாருங்க, வருதா?

முத்தியால்பேட்டை டெய்லர்:

வரலை. ரெண்டு ஷூவுலயும் மாட்டிக்கிச்சு.

பாயின்ட் அக்கா:

நினைச்சேன். கைத்தையல்தான் போடணும். குதிகால் பகுதியை உள்பக்கமா அடிப்பட்டை மேல மடிச்சா ரெண்டு பக்கமும் ஒரு மடிப்பு விழும், ரிப்பன் அங்கதான் வரணும். உள்ளே இருக்கிற கோரா துணியோட மட்டும் பிடிச்சுத் தைங்க, வெளி சாட்டின்ல ஊசி தெரியக் கூடாது, கயித்துப் பக்கமே போகக் கூடாது. நூலுக்கு எங்காளுங்க பல் இடுக்குக்குப் போடற ஃப்ளாஸையே எடுப்பாங்க, அறாது. உங்ககிட்ட கோட்டு பட்டன் நூல் இருக்குமே, அதுவும் சரி. ஒரு ஷூவுக்கு ரெண்டு துண்டு, ஒவ்வொண்ணும் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. நுனியை மெழுகுவத்தியில காட்டிக் கருக்கிடுங்க. முடிச்சு கணுக்கால் உள்பக்கக் குழியில உக்காரணும், பின்னாடி நரம்பு மேல வேண்டாம்.

நுனி தேயாம இருக்க பிளாட்ஃபார்ம் (தரையில படுற தட்டையான நுனி) ஓரத்துல தடிச்ச பருத்தி நூலால சுத்தித் தையல் போடுறதும் உண்டு, உங்களுக்கு அது அல்வா. 1832-ல பாரிஸ்ல மரீ தாக்லியோனிங்கிற பாலே டான்ஸர் நுனிக்கால்ல ஆடி ஊரையே வாய்பிளக்க வச்சப்ப இந்த பாக்ஸெல்லாம் கிடையாது. சாதா சாட்டின் செருப்பு, ஓரத்துல நூல் ஓட்டினது, அவ்வளவுதான். மிச்சம் காலோட பலம்.

பிசியோ, கடலூர் முதுநகர்:

தொழில்முறையில் ஒரு வார்த்தை. 14 வயதில் பாதத்தின் சில எலும்புகளில் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் இடம்) இன்னும் முழுவதும் மூடாமல் இருக்கலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம், ஆறு வருடப் பயிற்சி நல்ல அடித்தளம். ஆனால் ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் மெத்து என்ற ஜோடியில் நுனியில் ஏறினால் வலது கணுக்கால் பிசகும். டீச்சர் வரும்வரை வீட்டில் நுனியில் நிற்கவே கூடாது. ரிப்பன் தைத்துப் போட்டுப் பார்க்கலாம், தரையில் நடக்கலாம், அத்துடன் சரி. அளவும் பாருங்கள்: நேராக நிற்கும்போது விரல்கள் மடங்காமல் நீட்டமாக இருக்க வேண்டும், முழங்காலை மடக்கினால் நுனியைத் தொட வேண்டும். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் நம் வழக்கம் இதில் ஆபத்து. நகத்தை நேராக வெட்டச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை டெய்லர்:

(மூணு நாள் கழிச்சு) காஞ்சிருச்சு. மேல்பக்கம் ஓரளவு இறுகிடுச்சு, தட்டினா சத்தம் வருது. ஆனா சுண்டுவிரல் பக்கச் சிறகு இன்னும் தொளதொளன்னுதான் இருக்கு. ரிப்பன் எல்லாம் பிரிச்சு கையால தைச்சுட்டேன், கயிறு ஓடுது. பொண்ணு தையலைப் பார்த்துட்டு "ம்"னு சொல்லுச்சு. அதுவே பெரிசு.

இடது எது வலது எதுன்னு உள்ள பேனாவால குறிச்சு வச்சிருக்கேன். வந்தப்ப ரெண்டும் ஒரே அச்சா இருந்துச்சே, அது ஏன்?

பாயின்ட் அக்கா:

பெரும்பாலான பாயின்ட் ஷூவுக்கு இடது வலது கிடையாது அண்ணா. போடப் போட அந்தந்தக் காலுக்குப் படியும். குறிச்சது நல்லது, மாத்திப் போடக் கூடாது. அந்தச் சிறகுக்கு அரக்கு வேண்டுமா வேண்டாமான்னு டீச்சர் கையால பார்த்துச் சொல்லட்டும். போட்டோ பார்த்து நான் சொல்ல மாட்டேன்.

முத்தியால்பேட்டை டெய்லர்:

(அக்டோபர் முதல் வாரம்) டீச்சர் வந்துட்டாங்க. வலது சிறகை ஒரே ஒரு தரம் அமுக்கிப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அரக்கு பூசலாமான்னு கேட்டேன். பழகின காலுன்னா பூசலாம், முதல் ஜோடிக்கு வேண்டாம்னாங்க. அப்புறம் ரெண்டு ஷூவுலயும் உள்ள இருந்த அடிப்பட்டையைக் குறடால பிடிச்சு உருவிட்டாங்க. என் நெஞ்சு பதறிப்போச்சு, அத்தை குடுத்த காசு! இனி இதை அரைப் பாதப் பயிற்சிக்குப் போட்டுக்கட்டும், பாதம் பலப்படும், அடுத்த ஜோடி வர்ற வரைக்கும் இதுதான்னாங்க. அத்தை பையன் டிசம்பர்ல வரான், அவன்கிட்ட சொல்லியிருக்கோம். இந்தத் தடவை பெட்டியைப் பிரிக்கிறதே டீச்சர் முன்னாடிதான்.

கைத்தையலைப் பார்த்து, கிளாஸ்ல இன்னும் நாலு பிள்ளைங்க ஷூவுக்கு ரிப்பன் தைச்சுத் தர முடியுமான்னு கேட்டாங்க.

கடலூர் சலங்கை:

எவ்வளவு வாங்குறீங்க அண்ணா?

முத்தியால்பேட்டை டெய்லர்:

முதல் நாலு ஜோடிக்குக் காசு வேண்டாம்னுட்டேன். பொண்ணு பக்கத்துலயே நின்னுட்டு இருந்துச்சு. அயர்ன் பெட்டியை மட்டும் கடைக்கு எடுத்துட்டுப் போயிடுங்கன்னு சொல்லுச்சு.