புதுப்பிப்பு: உபுண்டு 24.04-ல விர்ச்சுவல்பாக்ஸ் ஓட ஆரம்பிச்சிருச்சு

மன்னார்குடி நெல் மண்டி கம்ப்யூட்டர்ல உபுண்டுவ (லினக்ஸ் வகை ஆப்பரேட்டிங் சிஸ்டம்) 22.04லேர்ந்து 24.04க்கு அப்கிரேட் பண்ணதும் விர்ச்சுவல்பாக்ஸ்ல (ஒரு சிஸ்டத்துக்குள்ள இன்னொரு சிஸ்டத்த ஓட்டுற சாஃப்ட்வேர்) விண்டோஸ் கிளம்பல, கர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) டிரைவர் இல்லன்னு மைனஸ் 1908 எரர் வருதுன்னு கேட்டிருந்தேன்ல, அது சரியாயிருச்சு. அப்கிரேட் ஆகும்போது வெளி ரெப்பாசிட்டரி (சாஃப்ட்வேர் இறக்குற இடம்) எல்லாத்தையும் உபுண்டு ஆஃப் பண்ணிரும், அதனால கர்னல் 6.8க்கு போயிருச்சு, விர்ச்சுவல்பாக்ஸ் மட்டும் பழசாவே நின்னுருச்சு. பழச எடுத்துட்டு உபுண்டு ரெப்போலயே இருக்குறதையும் டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போது டிரைவர தானா திரும்ப பில்ட் பண்றது), கர்னல் ஹெடர்ஸையும் (அந்த பில்டுக்குத் தேவையான ஃபைல்கள்) போட்டேன்.

விர்ச்சுவல்பாக்ஸோட மாட்யூல் (கர்னலோட சேர்ற டிரைவர்) பில்ட் ஆச்சு, லோட் ஆகல. காரணம் செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது நம்பகமான கோட மட்டும் விடுற பாதுகாப்பு), டிஜிட்டல் கையெழுத்து இல்லாத மாட்யூல கர்னல் உள்ள விடாது. இன்ஸ்டால் நடுவுல ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும், எழுதி வச்சுக்குங்க, ரீஸ்டார்ட் பண்ணா நீல ஸ்கிரீன் வரும், அதுல என்ரோல் எம்ஓகே (நம்ம கையெழுத்து கீய சேர்க்குறது), கன்டினியூ, யெஸ், அப்புறம் அந்த பாஸ்வேர்ட். அந்த ஸ்கிரீன் கொஞ்ச நேரம்தான் நிக்கும், கீ எதுவும் அழுத்தலன்னா நேரா பூட் ஆயிரும், இங்கதான் பல பேர் கோட்டை விடுறாங்க.

செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணச் சொன்ன அண்ணனுக்கு நன்றி, ஆனா விவசாயிங்க கணக்கு முழுக்க இருக்குற மிஷின், ஆன்லயே இருக்கட்டும்ணே. குறுவை நெல் வரத்துக்குள்ள பில் போடுற சாஃப்ட்வேர் ஓடுனதுல பெரிய நிம்மதி. அடுத்து கர்னல் மாறுனாலும் டிகேஎம்எஸ் அதே எம்ஓகே கீய வச்சு தானா கையெழுத்து போட்டுக்கும்.