பழைய காருக்கு கேஸ் கிட் போடலாமா?

பெரியப்பா: காரை சிஎன்ஜிக்கு மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். சுத்தமான எரிபொருள், புகையே வராது என்கிறார்கள். கதிர், நீ என்ன சொல்கிறாய்?

கதிர்: கண்ணுக்குத் தெரிகிற புகை வராது பெரியப்பா, அது உண்மைதான். சிஎன்ஜி என்பது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன், காற்றோடு நன்றாகக் கலந்து எரியும், கரி அவ்வளவாக மிஞ்சாது. ஆனால் எஞ்சினுக்குள் சூடு ஏறினால் காற்றில் இருக்கிற நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவாகிவிடும், நீங்கள் எதைப் போட்டு ஓட்டினாலும் சரி.

மீனா சித்தி: அதைக் குறைக்க வழியே இல்லையா?

கதிர்: இருக்கிறது சித்தி, புகை போகிற குழாயில் மாட்டுகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு போல சின்னச் சின்னத் துளைகள், மேலே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. புகை அதில் பட்டுத்தான் சுத்தமாகும். பெட்ரோலில் ஈயம் இருந்தால் அந்தப் பூச்சையே மூடிவிடும். காருக்கான ஈயப் பெட்ரோல் 2021இல் அல்ஜீரியாவோடுதான் உலகத்திலிருந்தே ஒழிந்தது.

அருண்: கந்தகத்தையும் 10 பிபிஎம்முக்குக் கொண்டுவந்தது இதனால்தானா அண்ணா?

கதிர்: ஆமாம், ஒரு கிலோ எரிபொருளில் 10 மில்லிகிராம். கந்தகம் பூச்சில் ஒட்டிக்கொண்டு வேலை செய்ய விடாது. டீசல் வண்டியில் கரியைப் பிடிக்கிற ஃபில்டருக்கும் இதே தொல்லை. அந்த ஃபில்டர் பிடித்த கரியை சுமார் 600 டிகிரி சூட்டில் எரிக்க வேண்டும், நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால் அந்தச் சூடே வராமல் அடைத்துக்கொள்ளும், அது தனிக் கதை.

அருண்: பெட்ரோலில் எத்தனால் கலந்தால்?

கதிர்: கார்பன் மோனாக்சைடு குறையும், அசிட்டால்டிஹைடு என்ற இன்னொரு நச்சு வாயு கூடும். ஒன்று போனால் ஒன்று.

பெரியப்பா: சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய்?

கதிர்: முதலில் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறதா பாருங்கள்.

பெரியப்பா: அது இல்லையே. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் இழுவை குறைகிறது என்று கழற்றிவிட்டு வெறும் குழாயைப் போட்டிருக்கிறார்.

கதிர்: போச்சு! அப்படியானால் முதலில் கன்வெர்ட்டர், அப்புறம்தான் கேஸ். கிட் போட்டாலும் கலவையைச் சரியாக ட்யூன் செய்யாவிட்டால் எரியாத மீத்தேன் அப்படியே வெளியே போகும், அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

மீனா சித்தி: பஸ்ஸில் போங்கள் என்றால் மட்டும் யாரும் கேட்பதில்லை 😀

பெரியப்பா: நீ சும்மா இரும்மா. கதிர், கன்வெர்ட்டர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கதிர்: உங்கள் எஞ்சினுக்கென்றே செய்ததா என்று பார்க்க வேண்டும். ஆர்சி புத்தகத்தைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், இந்தக் குடும்பக் குழுவில் போட வேண்டாம்.