புதுப்பிப்பு: எஃப் கார்டு ஒருவழியாக ஒலித்துவிட்டது

இரண்டு மாதம் முன்பு இதே இழையில், எஃப் பேர் கார்டு (ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டு) பிடித்தால் இரண்டு கம்பி ஊமையாகிறது, கிடாரை மூட்டை கட்டிவிடலாமா என்று கேட்டிருந்தேன். கட்டவில்லை!

பாதிக் குறை என் விரலில் இல்லை, கிடாரில் இருந்தது. இங்கே ஒருவர் சொன்னபடி முதல் ஃப்ரெட்டில் (கிடார் கழுத்தின் முதல் கட்டத்தில்) கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் அழுத்தும் கிளிப், மாட்டி, அடுத்த ஃப்ரெட்டில் அதே வடிவத்தைப் பிடித்தேன். சட்டென்று எளிதானது. அப்படியென்றால் நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டையில்) கம்பி உயரமாக நிற்கிறது என்று பொருள்; கேப்போ மாட்டினால் அந்த உயரம் கணக்கில் வராது. பழுதுபார்ப்பவர் நட்டின் பள்ளங்களை லேசாக அராவி, 12 கேஜ் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 10 போட்டுக் கொடுத்தார். புதிதாகக் கற்பவர்கள் முதலில் இதைச் சோதித்துவிடுங்கள், தயவுசெய்து.

அப்புறம் பயிற்சி. அதே வடிவம் 5ஆம் ஃப்ரெட்டில் ஏ மேஜர் கார்டு. அங்கே கம்பி சீக்கிரம் பணியும். அங்கிருந்து வாரம் ஒரு ஃப்ரெட்டாக இறங்கினேன். ஆள்காட்டி விரலை நட்டின் பக்கம் சற்றே சாய்த்ததும் இரண்டாம் கம்பி வாய் திறந்தது. தினமும் 15 நிமிடம்தான், மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில்.

நேற்று இரவு சி-யிலிருந்து எஃப்-க்கு நிற்காமல் மாறினேன். ஆறு கம்பியும் ஒலித்தன. அதையே திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருந்தேன்.